விற்பவர் எந்தப் பெயரில் எழுதி வைத்திருப்பார்?

கேள்வி இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் யோவாகிம் ராஃப் எழுதிய ‘லெனோரே’ சிம்பொனியின் ஒரு பகுதியைத் தற்செயலாகக் கேட்ட ஒருவர், அவருடைய மற்ற சிம்பொனிகளையும், அதே காலத்து கெர்ன்ஸ்ஹைம், டிரேசெக்கே, ஷார்வெங்கா ஆகியோரின் பதிவுகளையும் எல்பி, சிடி என்று தட்டாகவே வாங்கிச் சேர்க்க ஆசைப்படுகிறார். பெயரைப் போட்டுத் தேடினால் அதிகம் அகப்படவில்லை. அகப்படுகிற கொஞ்சமும் வெளிநாட்டு விற்பனையாளர்களிடம் இருக்கிறது. எப்படித் தேடுவது, எப்படி நம்பிப் பணம் அனுப்புவது என்று கேட்கிறார்.

கிட்டத்தட்ட இருபது வருடமாக நானும் இதே தேடலில்தான் இருக்கிறேன். இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் எங்கோ ஓரிடத்தில் விற்பனைக்கு இருக்கின்றன. தன்னிடம் இருப்பது இன்னதென்று விற்பவருக்கே தெரியாததால் நம் கண்ணில் படாமல் கிடக்கின்றன. அதனால் ராஃப் என்று தேடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. ராஃப் யாரென்றே அறியாத ஒருவர் அந்தத் தட்டைக் கையில் எடுத்தால், அதைப் பற்றி என்ன எழுதுவார் என்று யோசித்துத் தேட வேண்டும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது அதே லெனோரே மூலம்தான். 1970-இல் பெர்னார்ட் ஹெர்மன் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தி அதைப் பதிவு செய்தார். யூனிகார்ன் என்ற பிரிட்டிஷ் லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், வெளியிட்டது. ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்தாரே, அதே ஹெர்மன்தான். இரண்டு வருடம் சாஸ்திரிய இசைப் பிரிவில் ராஃப், லெனோரே என்று மாற்றி மாற்றித் தேடினேன். கடைசியில் அது கிடைத்தது திரைப்பட இசைப் பிரிவில். விற்றவருக்கு ஹெர்மன் பெயர் மட்டும் தெரிந்திருந்தது. தலைப்பில் ராஃப் என்ற சொல்லே இல்லை. போட்டோவில் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் என்னவென்று புரிந்தது.

அந்தத் தட்டுக்காக ஏன் அப்படி அலைய வேண்டும் என்றால், மூன்றாம் பகுதியில் வருகிற அந்த அணிவகுப்புக்காக. எங்கோ தூரத்தில் படை வருவதுபோல மெல்லத் தொடங்கி, பக்கத்தில் வந்து, முழுக் குழுவும் சேர்ந்து முழங்கும். நடுவில் காதலர்கள் பிரிகிற பதற்றம். மறுபடி அதே நடை எழுந்து, தேய்ந்து தேய்ந்து காதுக்கு எட்டாத தூரம் போய்விடும். போருக்குப் போன காதலன் பிணமாகக் குதிரையேறி வந்து பெண்ணைக் கூட்டிப் போகிற பழைய ஜெர்மன் கதைப்பாடல்தான் இந்தச் சிம்பொனிக்கு மூலம். அது தெரிந்துவிட்டால், தேய்ந்து போகிற அந்த நடையைக் கேட்க வயிற்றைப் பிசையும். 1822-இல் சுவிட்சர்லாந்தின் லாகெனில் பிறந்த ராஃப், 1870-களில் ஜெர்மனியில் அதிகம் வாசிக்கப்பட்ட சிம்பொனி இசையமைப்பாளர்களில் ஒருவர். மொத்தம் 11 சிம்பொனிகள். 1882-இல் இறந்தார், ஒரு தலைமுறைக்குள் கச்சேரி நிரல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனார். இப்படிப்பட்டவர்களின் தட்டுகளைச் சிறிய லேபிள்கள் குறைந்த எண்ணிக்கையில் போடுகின்றன. ஒருமுறை தீர்ந்தால் மறு அச்சு வருவது அபூர்வம்.

சரி, தேடப் புறப்படும் முன் ஓர் அரைமணி நேரம் ஒதுக்கி, அந்தப் பதிவு புதிதாகவே கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பலர் இதைச் செய்யாமல் பழைய தட்டுக்கு வீணாக அதிக விலை கொடுக்கிறார்கள். கிளாவ்ஸ் ஹைமன் 1982-இல் ஹாங்காங்கில் தொடங்கிய மார்க்கோ போலோ லேபிள், ராஃபின் சிம்பொனிகளை உர்ஸ் ஷ்னைடர் நடத்த வெளியிட்டது. அவற்றில் சில பிற்பாடு ஹைமனின் இன்னொரு லேபிளான நாக்ஸோஸில் மலிவாக மறுபடி வந்தன. அட்டைதான் வேறு, ஒலிப்பதிவு ஒன்றே. மார்க்கோ போலோ அட்டையைக் காட்டி ‘அரிதானது’ என்று ஒருவர் விலை சொல்லும்போது, நாக்ஸோஸ் பிரதி வேறொருவரிடம் சும்மா கிடக்கும்.

1986-இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் வட்டாரத்தில் தொடங்கிய சிபிஓ இந்தக் காலத்து இசைக்கு ஒரு சுரங்கம். அந்த லேபிளுக்குச் சொந்தக்காரரான ஜேபிசி என்ற தபால்வழிக் கடை பழைய வெளியீடுகளை நெடுநாள் கையிருப்பில் வைத்திருக்கும், அவ்வப்போது தள்ளுபடியிலும் போடும். ஹைபீரியன் என்ற பிரிட்டிஷ் லேபிள் 1991-இல் மோஷ்கோவ்ஸ்கி, பாடெரெவ்ஸ்கி கன்செர்ட்டோக்களோடு (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) தொடங்கிய ‘ரொமான்டிக் பியானோ கன்செர்ட்டோ’ வரிசை 80 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. பல வருடம் ஸ்ட்ரீமிங் பக்கமே வராத அந்த நிறுவனத்தை 2023-இல் யூனிவர்சல் வாங்கியது; அதன் பிறகு அந்தப் பதிவுகள் ஸ்ட்ரீமிங்கிலும் வந்துவிட்டன. தட்டுதான் வேண்டும் என்பவர்களும் முதலில் அங்கே ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. பெயருக்காக வாங்கி, இரண்டாம் முறை கேட்கத் தோன்றாத தட்டுகள் என்னிடமே ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன.

இனி தேடல். ஒரு பதிவைத் தேடும் முன், அந்தத் தட்டில் வேறு என்னென்ன இருக்கிறது, யார் வாசித்தார்கள், யார் நடத்தினார்கள், எந்த லேபிள், என்ன பட்டியல் எண் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்காக்ஸ் மாதிரியான தரவுத்தளங்களில் இதெல்லாம் கிடைத்துவிடும். நான் முதலில் தேடுவது பட்டியல் எண்ணைத்தான். இசையமைப்பாளரின் பெயரைத் தப்பாக எழுதுகிறவரும், உறையின் முதுகில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்து அப்படியே அடித்துவிடுவார். எண்ணை இடைவெளி விட்டு ஒருமுறை, இடைவெளி இல்லாமல் ஒருமுறை, புள்ளியோ கோடோ போட்டு ஒருமுறை தேடுங்கள். இந்த மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் வரும்.

அப்புறம், கூட இருக்கும் பிரபலமான படைப்பை வைத்துத் தேடுங்கள். அடால்ஃப் ஹென்செல்ட்டின் பியானோ கன்செர்ட்டோவை ரேமண்ட் லெவென்தால் கொலம்பியா லேபிளுக்காக வாசித்த எல்பியில் லிஸ்ட்டின் ‘டோட்டென்டான்ஸ்’ம் இருக்கிறது. ஹென்செல்ட் யாரென்று தெரியாத விற்பனையாளர் லிஸ்ட் என்றுதான் தலைப்புப் போடுவார். சேவர் ஷார்வெங்காவின் முதல் கன்செர்ட்டோவை எர்ல் வைல்ட் 1969-இல் ஆர்சிஏவுக்காக லைன்ஸ்டார்ஃப் நடத்திய பாஸ்டன் சிம்பொனியோடு பதிவு செய்தார். அது வைல்ட் ரசிகர்களின் பட்டியலிலும், பாஸ்டன் சிம்பொனி சேகரிப்பாளர்களின் பட்டியலிலும், பழைய ஆர்சிஏ ஒலித்தரத்துக்காகவே வாங்குகிறவர்களின் பட்டியலிலும் இருக்கும். ஷார்வெங்கா பெயரில் மட்டும் சில சமயம் இருக்காது.

பெயர் எழுத்துகள் இன்னொரு காடு. கால்லிவோடா என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிராகில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்தவர். ஜெர்மானியர் அவரை யோஹான் வென்ட்ஸெல் என்று சொல்லி, குடும்பப் பெயரை இரண்டு எல், ஒரு டபிள்யூ போட்டு எழுதுவார்கள். செக் நாட்டவருக்கு அவர் யான் வாட்ஸ்லாவ். ஒரு எல், ஒரு வி. ரஷ்யரான தனேயெவின் பெயரில் ஆங்கிலேயர் ஒய் போடும் இடத்தில் ஜெர்மானியர் ஜே போடுவார்கள். கடைசி வி அங்கே டபிள்யூ ஆகிவிடும். பிரெஞ்சில் இரண்டும் இல்லாமல் ஐ வரும். கெட்ஸ் போன்ற பெயர்களில் ஓ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைப்பவர் உண்டு, பக்கத்தில் ஈ சேர்ப்பவர் உண்டு, வெறும் ஓவோடு விட்டுவிடுகிறவரும் உண்டு. நான் செய்கிற எளிய வழி இது: விக்கிபீடியாவில் அந்த இசையமைப்பாளரின் பக்கத்தைத் திறந்து, அதையே ஜெர்மன், பிரெஞ்சு, செக், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நகலெடுத்து வைத்துக்கொள்வேன். ஜப்பானிய ஏலத் தளங்களில் இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அங்கே வெளிநாட்டுப் பெயர்களை கத்தகானா எழுத்தில்தான் எழுதுகிறார்கள். லத்தீன் எழுத்தில் தேடினால் பத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பதும் தொல்லை. ஷார்வெங்காவில் அண்ணன் ஃபிலிப், தம்பி சேவர். லாக்னரில் ஃபிரான்ஸ், இக்னாஸ், வின்சென்ட்ஸ் என்று மூன்று சகோதரர்கள். தனேயெவிலும் செர்கெய், அலெக்ஸாண்டர் என்று இரண்டு பேர். ரூபின்ஸ்டைன் என்று தேடினாலோ ஆர்தர் ரூபின்ஸ்டைன் வாசித்த ஷோப்பேன் தட்டுகள் ஆயிரக்கணக்கில் கொட்டும். ஆறு சிம்பொனி எழுதிய ஆன்டன் ரூபின்ஸ்டைன் அடியில் புதைந்து போவார். இவருக்கு ‘ஓஷன்’ என்ற சிம்பொனியின் பெயரையோ நடத்தியவரின் பெயரையோ சேர்த்துத்தான் தேட வேண்டும்.

ஸ்வரப் பெயர்களிலும் கவனம் தேவை. ஆங்கிலத்தில் பி ஃப்ளாட் என்பதை ஜெர்மானியர் வெறும் பி என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் பி என்பது அவர்களுக்கு ஹெச். ஷார்வெங்காவின் முதல் கன்செர்ட்டோ பி ஃப்ளாட் மைனர். ஜெர்மன் அட்டையில் அது ‘பி-மோல்’. அந்த விற்பனையாளர் நல்லெண்ணத்தோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போடும்போது அது ‘பி மைனர்’ ஆகிவிடுகிறது. அப்படி ஒரு படைப்பே இல்லையே என்று நாம் தாண்டிப் போய்விடுவோம். தாண்டக் கூடாது.

சோவியத் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலின்னிகோவ், ல்யாபுனோவ், அரென்ஸ்கி போன்ற ரஷ்ய இசையமைப்பாளர்களைத் தேடினால் மெலோடியா லேபிளில்தான் போய் நிற்பீர்கள். மெலோடியா ஸ்டீரியோ தட்டுகளின் எண் ரஷ்ய எழுத்தான ‘எஸ்’ஸில் தொடங்கும். அந்த எழுத்து பார்ப்பதற்கு அச்சு அசல் ஆங்கில ‘சி’ மாதிரியே இருக்கும். ரஷ்யன் தெரிந்தவர் எஸ் என்று அடிப்பார், தெரியாதவர் சி என்று அடிப்பார், ரஷ்ய விசைப்பலகை வைத்திருப்பவர் ரஷ்ய எழுத்தையே அடிப்பார். மூன்றும் கணினிக்கு வேறு வேறு. எண் சரியாக இருந்தும் தேடலில் வராததற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தேடினால் மூன்றுமே வந்துவிடும். இன்னொரு விஷயம்: தட்டின் நடுவில் ஒட்டிய காகித லேபிளில் ‘கோஸ்ட் 5289’ என்று ஒரு தர எண் அச்சாகியிருக்கும். அதன் பின்னால் 61, 68, 73, 80 என்று ஏதாவது ஓர் இரட்டை இலக்கம் வரும். அந்தத் தரம் எந்த வருடத்தியது என்பதை அது சொல்லும். 73 என்று இருந்தால் தட்டு 1973-க்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. ‘முதல் அச்சு, 1965’ என்று ஒருவர் விளம்பரம் செய்திருந்தால், லேபிளின் போட்டோவை மட்டும் கேளுங்கள். விஷயம் வெளியே வந்துவிடும்.

2022 மார்ச்சில் பேபால் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியபின் அங்கிருந்து நேரடியாக வாங்குவது கடினமாகிவிட்டது. அதனால் பெரிய நஷ்டம் இல்லை. மெலோடியா பதிவுகள் அந்தக் காலத்திலேயே மேற்கு ஜெர்மனியில் யூரோடிஸ்க், பிரிட்டனில் எச்எம்வி, பிரான்ஸில் ஷான் டு மோந்த், அமெரிக்காவில் ஏஞ்சல் என்று வேறு வேறு உறைகளில் வந்தன. அதே பதிவு, பல சமயம் அசலைவிட நல்ல அச்சில். பால்டிக் நாடுகளிலும் பல்கேரியாவிலும் உள்ள விற்பனையாளர்களிடம் மெலோடியா அசலே நிறைய இருக்கிறது.

இவ்வளவும் செய்தும் கிடைக்காதபோது குவியல்களைப் பாருங்கள். ஜெர்மன் தளங்களில் ‘கான்வோலூட்’ என்ற சொல்லோடு கிளாசிக், எல்பி என்று சேர்த்துத் தேடினால், பெட்டி பெட்டியாக மொத்தமாக விற்கிறவர்கள் வருவார்கள். ‘நாக்லாஸ்’ என்று இருந்தால் இறந்தவரின் சேகரிப்பு என்று பொருள். யாரோ ஒருவர் நாற்பது வருடம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது, வாரிசுகள் வீட்டைக் காலி செய்யும்போது தலைப்பே இல்லாமல் நான்கு போட்டோவோடு வந்து நிற்கும். போட்டோவில் முதுகுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் படிப்பதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். என்னிடமுள்ள மிக நல்ல பதிவுகள் சில இப்படி வந்தவைதான். அவற்றைப் போடும்போதெல்லாம் முதலில் வைத்திருந்தவரை நினைத்துக்கொள்வேன். உள்ளே அவர் கையெழுத்தில் கேட்ட தேதியெல்லாம் குறித்திருக்கும். முழுக் குவியலையும் அனுப்பச் சொன்னால் தபால் செலவு தாங்காது. வேண்டிய ஐந்தாறை மட்டும் பிரித்துத் தர முடியுமா என்று கேட்டால் ஒப்புக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

பொருளின் நிலைமைக்கு வருவோம். எல்பிக்குத் தரக் குறியீடு போடுவதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அமெரிக்க முறையில் ‘நியர் மின்ட்’டுக்கு (ஏறக்குறையப் புதியது) அடுத்து ‘விஜி பிளஸ்’ (விஜி என்றால் ‘வெரி குட்’), அதற்கடுத்து வெறும் ‘விஜி’. அந்த விஜி என்றால் மெல்லிய இடங்களில் இரைச்சல் கேட்கும் என்று பொருள். பிரிட்டனில் ‘மின்ட்’டுக்கு அடுத்து ‘எக்ஸலன்ட்’, உடனே ‘விஜி’. அதனால் பிரிட்டிஷ்காரர் போடும் விஜி, அமெரிக்கரின் விஜி பிளஸ்ஸுக்கு அருகில் வரும். ராக் இசைத் தட்டில் சின்ன இரைச்சல் அமுங்கிப்போகும். ஒரு சிம்பொனியின் மெதுவான பகுதியில், ஒற்றை கிளாரினெட் வாசிக்கும்போது, ஒவ்வொரு ‘டிக்’கும் காதில் ஊசியாகக் குத்தும். ஜப்பானிய விற்பனையாளர்கள் பொதுவாகக் கறாராகத் தரம் போடுகிறவர்கள். அவர்கள் ‘பி’ என்று போட்டதை நான் தயங்காமல் வாங்கியிருக்கிறேன்.

சிடி என்றால் கெடாது என்று நினைக்க வேண்டாம். 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலையில் அச்சான தட்டுகளில் பல நாளடைவில் வெண்கல நிறமாக மாறுகின்றன. உறைக் காகிதத்திலிருந்த கந்தகத்தை மேல் பூச்சு தடுக்காததால் உள்ளே உலோகப் படலம் அரிக்கிறது. அப்போது பல பிரிட்டிஷ் லேபிள்கள் அங்கே அச்சடித்ததால், நாம் தேடுகிற இசை இதில் நிறைய மாட்டிக்கொண்டது. கண்டுபிடிப்பது சுலபம். தட்டைத் திருப்பி, நடு வளையத்தில் ‘மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.’ என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வெளி விளிம்பைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். வெள்ளியாக இருக்க வேண்டிய விளிம்பு தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறியிருந்தால் நோய் தொடங்கிவிட்டது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால் கடைசிப் பகுதிதான் முதலில் போகும். முதல் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அதனால் அந்த வருடங்களின் பிரிட்டிஷ் தட்டுகளுக்கு, கடைசிப் பகுதியைக் கடைசி வரை போட்டுப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். பழுப்பேறத் தொடங்கி இன்னும் பாடுகிற தட்டு ஒன்று உங்களிடமே இருந்தால், இன்றைக்கே கணினியில் நகல் எடுத்து வையுங்கள்.

தட்டின் அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் அது வீட்டிலோ கடையிலோ எரித்த சிடி-ஆர். இதில் நல்லதும் உண்டு: அச்சில் இல்லாத பழைய வெளியீடுகளைச் சில லேபிள்களும் கடைகளும் உரிமத்தோடு இப்படிக் கேட்டபோது செய்து தருகின்றன. அதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லியே விற்பார்கள். வானொலி ஒலிபரப்பைப் பிடித்து, எந்த உரிமையும் இல்லாமல் எரித்து, ‘மிக அரிய பதிவு’ என்று விற்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. வாசித்தவர்களுக்கு அதில் ஒரு பைசா போகாது.

விற்பவருக்கு எழுதும் கடிதத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். இரண்டே பத்தி, எளிய வாக்கியங்கள். அவர் ஆங்கிலேயராக இல்லாவிட்டால் அவருடைய மொழியில் மொழிபெயர்ப்புக் கருவி வைத்து எழுதி, கீழே ஆங்கிலத்திலும் வையுங்கள். முதல் பத்தியில் எந்தப் பொருள், எந்த நாட்டுக்கு, தபால் எவ்வளவு ஆகும், இன்னும் இரண்டு மூன்று சேர்த்து வாங்கினால் ஒரே பார்சலாக அனுப்புவீர்களா என்று கேளுங்கள். இரண்டாவதில் பார்சலை எப்படிக் கட்ட வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒருமுறை இதைச் சொல்லாமல் விட்டேன். வந்து சேர்ந்த எல்பி போட்டுக் கேட்கக்கூடியதாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஆடிய தட்டு உறையின் மேல் விளிம்பைக் கத்தி வைத்தது போல ஒரு சாண் நீளம் கிழித்திருந்தது.

எல்பி என்றால், தட்டை உள்ளுறையோடு அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைக்கச் சொல்லுங்கள். இருபுறமும் நெளி அட்டை. ஒன்றின் வரிகள் குறுக்காகவும் மற்றதின் வரிகள் நெடுக்காகவும் ஓட வேண்டும், அப்போதுதான் மடங்காது. சிடி என்றால் பிளாஸ்டிக் பெட்டியை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன். பெட்டியோடு ஒரு சிடி சுமார் 100 கிராம். தட்டு மட்டும் 16 கிராம்தான். பெட்டியின் நடுவிலுள்ள பற்கள் வழியில் உடைந்து, அந்தச் சில்லுகள் தட்டைக் கீறுவதும் மிச்சம். தட்டை மெல்லிய உறையில் போட்டு, கையேட்டையும் பின்னட்டையையும் அதன் இருபுறம் வைத்து அட்டைக்கு நடுவே அனுப்பினால், ஒரு பெட்டியின் எடையில் நாலைந்து தட்டு வந்துவிடும். கையேடும் பின்னட்டையும் கட்டாயம் வர வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள். இந்த இசையமைப்பாளர்களைப் பற்றிச் சில சமயம் அந்தக் கையேட்டைத் தவிர வேறு நல்ல கட்டுரையே கிடைக்காது.

பணம் அனுப்புவதில் சொல்ல அதிகமில்லை. வாங்குபவருக்குப் பாதுகாப்புள்ள முறையில் மட்டும் அனுப்புங்கள். பேபால் என்றால் பொருள் வாங்குவதற்கான வகை. நண்பர்களுக்கு அனுப்பும் வகையில் பணம் போனால் திரும்பக் கேட்க வழியில்லை. பிரச்சினை எழுப்ப 180 நாள் அவகாசம் உண்டு. தபால் தாமதமானால் அந்த நாள்களை எண்ணிக்கொண்டே இருங்கள். ‘வந்துவிடும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்கிற விற்பனையாளர் நல்லவராகவே இருக்கலாம். அவகாசம் முடிவதற்குள் முறையீட்டைப் பதிந்துவிடுங்கள்.

சுங்கத்துக்காக பார்சல் மேல் ஒட்டும் சிஎன் 22 அல்லது சிஎன் 23 படிவத்தில் உண்மையான விலையும், ‘பழைய இசைத்தட்டு’ என்ற விவரமும் எழுதச் சொல்லுங்கள். அன்பளிப்பு என்று எழுதித் தருகிறேன் என்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒருபுறம். பார்சல் தொலைந்தால் படிவத்தில் எழுதிய தொகைக்கு மேல் இழப்பீடு கிடைக்காது. சிறிய பார்சலுக்கு வரி இல்லை என்ற பழைய நினைப்பும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் சிறிய மதிப்புப் பார்சல்களுக்கான வாட் வரி விலக்கை 2021 ஜூலையில் எடுத்தது. அமெரிக்கா 2025 ஆகஸ்டு இறுதியில் தன் விலக்கை நிறுத்தியது. உங்கள் நாட்டின் இன்றைய விதியைப் பார்த்து, வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே ஏலத்தில் இறங்குங்கள்.

இனி உங்கள் பட்டியல். ராஃபின் சிம்பொனிகள் முழுவதும் ஒரே கையில் வேண்டுமென்றால், ஹான்ஸ் ஷ்டாட்ல்மயர் பாம்பெர்க் சிம்பொனியோடு சுவிஸ் லேபிளான டியூடருக்குச் செய்தவை என் தேர்வு. மார்க்கோ போலோவைவிட வாசிப்பு பல படி மேல். லெனோரேக்கு மட்டும் சாண்டோஸ் லேபிளில் நீமே யார்வி புதிதாகவே கிடைப்பார். ஓட்டமாக ஓடுவார், ஆவிக் குதிரைப் பகுதிக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. அணிவகுப்புக்கு எனக்கு ஹெர்மனின் நிதானம்தான் பிடிக்கும்.

ஷார்வெங்காவில் ஸ்டீஃபன் ஹஃப் வாசித்த நான்காம் கன்செர்ட்டோவிலிருந்து தொடங்குங்கள். எமில் ஃபான் சாவர் என்ற வேறொரு இசையமைப்பாளரின் முதல் கன்செர்ட்டோவும் அதே ஹைபீரியன் தட்டில் இருக்கிறது. 1996-இல் கிராமஃபோன் பத்திரிகையின் அந்த வருடத்துச் சிறந்த பதிவு விருதை வாங்கியது என்பதால் நிறைய விற்றது. பழைய தட்டாகச் சுலபமாகக் கிடைக்கும். ஷார்வெங்காவின் முதல் கன்செர்ட்டோவுக்கு வைல்ட் இல்லாவிட்டால் ஹாமெலின் வாசித்தது. மைக்கேல் பான்டி 1960, 70-களில் வாக்ஸ் லேபிளுக்கு வாசித்துத் தள்ளிய கன்செர்ட்டோக்களையும் விட்டுவிடாதீர்கள். குழுக்கள் சுமார்தான், ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறி நிமிடங்களைத் திணித்திருப்பார்கள். ஆனாலும் யாரும் தொடாத இசையை முதலில் தொட்ட விரல்கள் அவருடையவை, அந்த வேகமும் துணிச்சலும் வேறு யாரிடமும் இல்லை. எல்பியைவிட வாக்ஸ்பாக்ஸ் என்ற இரட்டை சிடி பெட்டிகளாகத் தேடுங்கள்.

டிரேசெக்கேயை நாஜிகள் காலத்தில் தூக்கிப் பிடித்தார்கள். போருக்குப் பின் அதுவே அவருக்குப் பாதகமாயிற்று. மூன்றாம் சிம்பொனியான ‘டிராஜிகா’ ஹனோவர் வானொலிக் குழுவோடு யோர்க்-பீட்டர் வைக்லே நடத்தி சிபிஓவில் இருக்கிறது. கெர்ன்ஸ்ஹைம் யூதர் என்பதால் அதே நாஜிகள் அவர் இசையைத் தடை செய்தார்கள். அவருடைய நான்கு சிம்பொனிகளையும் ஸீக்ஃப்ரீட் கோலர் நடத்தி ஆர்ட்டே நோவா என்ற மலிவு லேபிள் இரண்டு சிடியாக வெளியிட்டது. அந்த லேபிள் இப்போது இல்லை, அதனால் பெயர் தெரிந்தவர்கள் அதற்கு ஏகப்பட்ட விலை சொல்கிறார்கள். பெயர் தெரியாதவர்களிடம் அது மலிவு சிடி குவியலுக்குள் கிடக்கிறது. உங்கள் பட்டியலில் முதலில் இதைத் தேடுங்கள்: ஜெர்மன் தளம், ‘ஆர்ட்டே நோவா’, ‘கான்வோலூட்’. தேடலைச் சேமித்து, புதிது வந்தால் மின்னஞ்சல் வரும்படி வைத்துவிடுங்கள். வருகிற போட்டோக்களில் முதுகுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். போட்டோ தெளிவாக இல்லையென்றால் கிட்டத்தில் இன்னொன்று எடுத்து அனுப்பும்படி அவருடைய மொழியில் கேளுங்கள், பெரும்பாலும் அன்று மாலையே அனுப்பிவிடுவார்கள்.